எலிகளை விட்டுவிட்டு ஒரு வாக்கியம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று எனக்கு வந்த வினைச்சொல் ‘எக்ஸ்பெரிமென்ட்’. மாணவர் அகராதிக்குத் தமிழ்ப் பொருளும் எடுத்துக்காட்டு வாக்கியமும் எழுத வேண்டும். ‘பரிசோதனை செய்’ என்று போட்டு, விஞ்ஞானிகளையும் எலிகளையும் வாக்கியத்தில் உட்கார வைத்தேன். பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“பரிசோதனைன்னா எல்லாருக்கும் ரத்தமும் சிறுநீரும்தாம்மா ஞாபகம் வரும். எலியை விட்டுட்டு, வீட்டுல நடக்கிற மாதிரி எழுதுங்க.”

வீட்டில் நடப்பதை எழுதினால் அச்சிடுவாரா? ஹாலில் என் கணவர் கழுத்தைச் சுற்றித் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். முடிவெட்டப் படிக்கும் அவர் தங்கை பின்னால் கத்தரியோடு நிற்கிறாள். “அசையாதே அண்ணா, காது இருக்கு!”

மார்ச் 5, வியாழன்

காது இருக்கிறது. ஒரு பக்கம் முடிதான் இல்லை. அவர் அலுவலகத்தில் எலி கடித்ததா என்று கேட்டார்களாம். “அடுத்த வாட்டி உன் தலையைக் குடு” என்று என்மேல் பாய்ந்தார்.

அகராதி வேலைக்கு உதவிற்று. ‘எக்ஸ்பெரிமென்ட்’டுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எந்தச் சிறுசொல் வரும் என்று குறித்துக்கொண்டேன்: கத்தரியோடும் சாயத்தோடும் செய்து பார்த்தால் ‘வித்’. யார் மேல் செய்து பார்க்கிறோமோ அந்தப் பாவிக்கு ‘ஆன்’. என் கணவர் ‘ஆன்’.

மார்ச் 8, ஞாயிறு

புதன்கிழமை நாத்தனாருக்குச் செய்முறைத் தேர்வு. முடி கொடுக்கும் ஆளை அவளேதான் கூட்டிப்போக வேண்டும். வருவதாக இருந்த தோழி, அண்ணன் தலையைப் பார்த்ததும் காய்ச்சல் என்றுவிட்டாள்.

ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று. இதுவும் போனால் சான்றிதழ் இல்லை, எந்தக் கடையிலும் வேலையும் இல்லை. கணவனை விட்டு வந்து எங்கள் முன்னறையில் படுத்துக்கொள்கிறவளுக்கு இது விளையாட்டில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது என் பின்னலை மட்டும் ஒருதரம் பார்த்தாள். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

கல்லூரியில் பின்னிய அதே பின்னல்.

மார்ச் 9, திங்கள்

சாவி பூட்டுக்குச் சேருகிறதா என்று பார்ப்பது டெஸ்ட். சரியான விடை எங்கோ முன்பே இருக்கிறது. ‘எக்ஸ்பெரிமென்ட்’ அப்படியில்லை. என்ன ஆகும் என்று தெரியாமல் இறங்க வேண்டும். தமிழில் எந்த வினைக்குப் பின்னாலும் ஒரு ‘பார்’ போட்டால் போதும்: செய்து பார், வெட்டிப் பார், கேட்டுப் பார்.

நான் எந்த வினைக்குப் பின்னால் அதைப் போட்டிருக்கிறேன்?

மார்ச் 10, செவ்வாய்

“நானே வரேன்”னு சொல்லிட்டேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 11, புதன்

தேர்வுக் கூடத்தில் என் பின்னலைக் கையில் பிடித்தபடி நின்றாள். கத்தரியை எடுத்து, திரும்ப மேசையில் வைத்தாள்.

“அண்ணி, வேணாம். போயிடலாம்.”

“போய்? உங்கண்ணனுக்கு இன்னொரு பக்கத்தையும் எடுக்கவா?”

சிரித்துவிட்டாள். அப்புறம் கத்தரியை மறுபடி எடுத்தாள். கத்தரி சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தேர்வாளரம்மா சீப்பால் வாரிப் பார்த்தார். “பின்கழுத்துல கொஞ்சம் ஏறியிருக்கு. மத்தபடி நல்லா இருக்கு. பாஸ்.” அவள் அழுதாள். நானும்தான். அவள் அழுததற்கா, என் முடிக்கா — தெரியவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த என் கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாங்க. யாரைப் பாக்கணும்?”

மார்ச் 12, வியாழன்

‘அவள் என் தலைமுடியைப் புதுவிதமாக வெட்டிப் பார்த்தாள்.’ பதிப்பாசிரியர் ஒரே பார்வையில் ஒப்புக்கொண்டார். வாக்கியத்தையா, என் தலையையா என்று கேட்கவில்லை.

ஜூன் 18, வியாழன்

முடி வளர்ந்து கழுத்தில் குத்துகிறது. நாத்தனார் வேலை பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். பின்னால் தண்ணீர்ச் சத்தம், யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம்.

“சனிக்கிழமை வரட்டுமா?”

“சனிக்கிழமை ஃபுல், அண்ணி. செவ்வாய்க்கிழமை காலைல கடை திறந்ததும் வாங்க. லேட் பண்ணாதீங்க, அடுத்து ஆள் இருக்கு.”

செவ்வாய்க்கு அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.