பஸ் சீட்டுச் சண்டை

2009 ஆகஸ்ட் 18, மாலை 5.40, நெற்றியில் நான்கு தையல்.

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன்.

இன்று சிதம்பரத்தில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில், பஸ் சீட்டுக்காக ஆங்கிலத்தில் சண்டை போடுவதுபோல் இரண்டு மாணவர்களை நடிக்கச் சொன்னேன். கடலூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே பை போட்டு இடம் பிடித்ததில், காலையிலேயே அவர்கள் நிஜமாக மோதியிருந்தது எனக்குத் தெரியாது. இரண்டு வாக்கியத்தில் இங்கிலீஷ் தீர்ந்துபோனது.

"எம் பையத் தூக்கிப் போட்டவன்தானடா நீ!" என்று கத்திய குணசீலன், அருள்முருகனின் மூக்கை உடைத்தான். அருள்முருகன் வீசிய ஸ்டூல், விலக்கப்போன என்மேல் விழுந்தது. இருவரையும் கல்லூரியைவிட்டு நீக்கப்போகிறார்களாம்.

பருப்புப்பொடி அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை.

இனி செய்யப்போவது:

1. தப்பு என் பாடத்தில்தான் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுப்பேன்.
2. ஆங்கிலத்தில் திட்ட இருபது வாக்கியம் முதலில் கற்றுத் தருவேன்.
3. இருவரும் திரும்பி வந்தால், அதே சண்டையை ஆங்கிலத்திலேயே முடிக்கவைப்பேன்.