கண்ணாடி சன்னல் வைத்த சிப்

ஏப்ரல் 7, கடத்தூர்

தையல்காரி சுபாவின் பழைய எம்பிராய்டரி மெஷின் என் மிக்ஸி, மெஷின் ரிப்பேர் கடைக்கு வந்தது. மோட்டார் கோளாறு. பூ டிசைனெல்லாம் இருக்கும் மெமரி சிப்பையும் கழற்றினேன். ஸ்டிக்கரை உரித்தால் நடுவில் குட்டிக் கண்ணாடி சன்னல்! டீக்கடை கிருஷ்ணப்பனிடம் பீற்றிக்கொண்டேன்: "கரண்ட் போனாலும் மறக்காதுப்பா. நம்ம போன் மெமரி மாதிரிதான்." ஊரே பார்க்கட்டுமென்று வாசல் ஷோகேஸ் மேல் வைத்தேன்.

ஏப்ரல் 11

பெங்களூரில் சொல்லிவைத்த மோட்டார் இன்னும் வரவில்லை. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது.

ஏப்ரல் 16

புது மோட்டார் ஓடுகிறது. சிப்பையும் திரும்ப மாட்டியாயிற்று. பூ வரவில்லை. "குடுக்கறப்ப பூவெல்லாம் நல்லாத்தான் போட்டுச்சுங்கண்ணா" என்றாள் சுபா. காரணம் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வேனா நான்? டீக்கடையில் எடுத்துவிட்டேன்: "மெஷின் மேல சாம்பார ஊத்திட்டாப்பா. இனிமே பூ வராது, முருங்கக்காதான் வரும்." கடையே குலுங்கியது.

ஏப்ரல் 22

ஈஸ்டர் முடிந்து கல்யாண சீசன். சோறு போட்டுக்கொண்டே என் மனைவி ஆக்சிலியா சொன்னாள்: "சுபாகிட்ட குடுத்த கல்யாண ஜாக்கெட்டெல்லாம் திருப்பி வாங்கிட்டாங்களாம். சாம்பார் கறையாயிருமாம். எவன்ங்க இந்தப் பேச்சக் கெளப்புனது?"

சாம்பார் வேண்டாம், மோர் போதும் என்றேன்.

ஏப்ரல் 23

சிப்பை ரீடரில் போட்டேன். காலி. சுத்தமாகக் காலி.

அப்புறம்தான் உறைத்தது. போன் மெமரியை அழிப்பது மின்சாரம். இந்தப் பழைய ரகத்தை அழிப்பது வெளிச்சம். அதற்குத்தான் சன்னல், அதை மூடத்தான் ஸ்டிக்கர்! உரிச்சவன் யாரு? சித்திர வெயில்ல காட்சிக்கு வெச்சவன் யாரு? டேய் அமல்தாஸ், டிப்ளமா வேற படிச்சியேடா.

ஏப்ரல் 25

தர்மபுரியில் ஒரு கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் அதே மெஷின். சிஸ்டரிடம் கெஞ்சி, அந்த மெஷினின் சிப்பில் இருந்ததைப் புதுச் சிப்பில் எழுதிவந்தேன். இது மின்சாரத்தால் அழித்து எழுதும் ரகம்; சன்னலே இல்லை. மல்லிகை, மாங்காய், மயில் எல்லாம் வந்துவிட்டன.

ஏப்ரல் 26

டீக்கடையில் உண்மையைச் சொன்னேன். அன்றைவிடப் பெரிய சிரிப்பு. "சுபாவக் காப்பாத்தப் புதுக்கத கட்றயா?" என்கிறான் கிருஷ்ணப்பன்.

சுபாவிடமும் போய்ச் சொன்னேன்; அவள் சிரிக்கவில்லை. "டீக்கடைல சொன்னா ஆச்சுங்களா? ஜாக்கெட்டு வாங்கிட்டுப் போன வூட்டுக்கெல்லாம் வந்து சொல்லுங்க."

ஏப்ரல் 27, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் சுபா முன்னால், நான் பின்னால். முதல் வாசலில் வழக்கம்போல ஒரு ஜோக்கில் ஆரம்பித்தேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த வாசல்களில், "தப்பு என்னுதுங்க" — அவ்வளவுதான். கூச்சத்தில் செருப்பைக்கூட ஒரு வீட்டில் விட்டுவந்திருக்கிறேன்.

மே 6

சுபாவிடம் ஜாக்கெட்டுகள் திரும்ப வருகின்றன, எல்லாம் இல்லை. அவள் வீட்டு மிக்ஸி ரிப்பேராம். பஸ் ஏறி தர்மபுரிக்குக் கொண்டுபோனாளாம், என் கடை வாசல் வழியாகவே.