எதிரி ஊர்ச் சொட்டு மருந்து

ஜூன் 22

அன்பு அண்ணனுக்கு,

தேவிப்பிரியா எழுதுவது. வலைத் தகராறு தீரும்வரை உன் ஊரும் நான் வாழ்க்கைப்பட்ட ஊரும் போனில்கூடப் பேசக்கூடாதென்று பஞ்சாயத்தார் கட்டுப்பாடு. அதனால் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வாம்பாள் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கடல் சண்டையில் வலையில் கட்டும் ஈயக்குண்டு பட்டு உன் கண் கிழிந்ததாம். ஆபரேஷன் நல்லபடி முடிந்ததென்று கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அதோடு விட்டுவிடாதே அண்ணா. சீழ் பிடிக்காமல் இருக்கத்தான் அந்த ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து. வேளை தவறாமல் விடு. உனக்கு அடிபட்டதைக் கேட்டதிலிருந்து உன் மச்சான் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

உன் திட்டுக்கும் பாசத்துக்கும் ஏங்கும்
தேவி

ஜூன் 25

தேவிக்கு,

பட்டினி கிடக்கட்டும். குண்டை எறிந்தது உன் புருஷன் விமல்ராஜ்தான். என் கண்ணாலேயே பார்த்தேன்.

மருந்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாயா? உன் அண்ணி சத்யப்பிரியா அரியாங்குப்பத்தில் வாங்கி வந்தாள். கடைக்காரன் உங்கள் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் சுவரில் அடித்து உடைத்தேன். "கண்ணு போனா யாருய்யா கடலுக்குப் போறது?" என்று கத்தினாள். அவளுக்கும் ஓர் அறை விழுந்தது.

இப்போது அவளுடைய தாய்ப்பாலைத்தான் விடுகிறேன். நம் அப்பாவின் கண்ணுக்கும் அந்தக் காலத்தில் அதுதான் மருந்து. கண் வீங்கிச் சீழ் வடிகிறது. வடியட்டும். அவனை வெட்ட ஒரு கண் போதும்.

ஆனந்தராஜ்

ஜூன் 26

அண்ணா,

சீழா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, உன் காலில் விழுகிறேன். உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "எறிஞ்சது நாந்தான். அது மச்சானோட போட்டுன்னு தெரில. டவுன்ல, சாரத்துப் பக்கம் வேற கடையில மருந்து வாங்கி நானே எடுத்துட்டுப் போறேன். அடிச்சா அடிக்கட்டும்" என்கிறார். தடுத்தேன், கேட்கவில்லை. வெறுங்கையோடு வருகிறார் அண்ணா.

தேவி

ஜூலை 9

ஆனந்தராஜுக்கு,

ஜெயில் விலாசம் அண்ணி கொடுத்தாள். என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அரிவாளைத் தீட்டினாயாம். அதையும் அவளே சொன்னாள். வாசலில் நின்றவரின் எறிந்த கையை முதலில் வெட்டி, அவர் அலறுவதைக் கேட்ட பிறகு கழுத்தை வெட்டியிருக்கிறாய். கத்தியோடு பாய்ந்து வந்தான் என்று போலீசில் சொன்னாயாம். வெட்ட ஒரு கண் போதும் என்று நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

அண்ணனைக் காட்டிக் கொடுக்காதே என்று உன் ஊரார் ஆளனுப்பினார்கள். துடைப்பத்தால் அடித்து விரட்டினேன்.

ஒரு கண் போய்விட்டதாம், மற்றதும் சிவந்திருக்கிறதாம். ஜெயில் டாக்டர் மருந்து கொடுத்தால், அவர் எந்த ஊர் என்று கேட்காமல் விட்டுக்கொள். கோர்ட்டில் நான் சாட்சி சொல்லும்போது நீ என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

விமல்ராஜின் மனைவி
தேவிப்பிரியா