திமிங்கலத்தின் வாலும் எங்கள் தீர்மானமும்

1. இதை எழுதுபவன் உன் தந்தை, வயது எழுபத்திரண்டு, ஓய்வுபெற்ற சிவில் வழக்கறிஞர், தெளிந்த மனநிலையில், எவருடைய தூண்டுதலும் இன்றி என் கைப்பட எழுதுகிறேன்.

2. அன்பு மகளுக்கு, நானும் உன் தாயும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம், என் முழங்கால் நீங்கலாக இங்கு யாவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமே என்ற அனுமானத்தின் பேரில் மேற்கொண்டு எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் வைத்து, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்களோடயே வந்து இருந்துடுங்களேன்ப்பா, அதான் ஊரைச் சுத்திப் பார்த்தீங்கல்ல, பிடிச்சிருக்குல்ல என்று கேட்டாய். வாய்வார்த்தையாக ஏதாவது சொல்லிப் பின்னால் பிணக்கு வரக்கூடாதென்றே எழுத்தில் பதில் தருகிறேன். ஆனால் அந்த ஊர் சுற்றிய நாளில் நடந்தது இன்னதென்று உனக்கு முழுமையாகத் தெரியாது. அன்று உன் தாய் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்ததையும் நான் சாப்பிடாமல் படுத்ததையும் மட்டுமே நீ கண்டாய். உங்கள் இருவருக்கும் வேலை இருந்ததால், மேல்தளத்தில் கூரையில்லாத அந்தச் சுற்றுலாப் பேருந்துக்கு இரண்டு பயணச்சீட்டுகளை என் கையில் திணித்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனாய். உன் தாய் அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்தேன். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிடம் மட்டுமே நிற்கும், எவருக்காகவும் காத்திராது, தவறவிட்டவர்களுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தது. சட்டம் படித்தவன் இதைப் படித்த பிறகு என்ன செய்வான் என்று நீயே சொல். மணிக்கூண்டில் இறங்கினோம், அதன் நிழலை மிதித்தோம், ஏறிவிட்டோம். பாலத்தில் பாதி தூரம் கூடப் போகவில்லை. அருங்காட்சியகந்தான் பெரிய வினையாயிற்று. அறிவியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் கரும்பலகையில் திமிங்கலம் வரைந்தவள், கூரையிலிருந்து தொங்கும் நிஜ எலும்புக்கூட்டைப் பார்க்கப் போகிறேன் என்று புறப்படும் முன்பே அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். படியேறி, பை சோதனைக்கு வரிசையில் நின்று முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன். கண்ணாடிக் கதவு வழியாக வால் எலும்பு கொஞ்சம் தெரிந்தது. வாலைக் காட்டிட்டீங்க, தலையை எந்த ஜென்மத்துல காட்டுவீங்க என்று கேட்டாள். நான் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் கடிகாரத்தைப் பார்த்தபடி ஊரைச் சுற்றினேன்.

கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் அம்மையார், நீங்கள் ஏன் எங்கும் சரியாக இறங்கவே இல்லை என்று உன் தாயிடம் கேட்டுவிட்டார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் எங்கும் இறங்கலாமாம், எவ்வளவு நேரமும் இருக்கலாமாம், பின்னால் வரும் அதே நிறுவனத்தின் எந்தப் பேருந்திலும் ஏறிக்கொள்ளலாமாம். அது சீட்டின் முன்பக்கத்தில் படம் போட்டுப் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. உரிமையை முன்பக்கத்திலும் அதற்கு முரணாகத் தோன்றும் நிபந்தனையைப் பின்பக்கத்திலும் வைப்பது வாசகப் பிழை என்றே இன்றும் வாதிடுகிறேன். உன் தாய் அந்த வாதத்தை ஏற்கவில்லை. உள்ளங்கை அகல எழுத்தை விட்டுட்டு எறும்பு எழுத்தைப் படிச்சிருக்கீங்களே என்றாள். என் சட்டைப்பையிலிருந்து தன் சீட்டை எடுத்துக்கொண்டாள். நீங்க இங்கயே காவல் இருங்க, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன் என்று அடுத்த பேருந்தில் ஏறிப் போயே போய்விட்டாள். அவளுடைய கைபேசி என்னிடம் இருந்தது. அந்த நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பதை உனக்கு விளங்க வைக்க என்னால் ஆகாது. வந்த ஒவ்வொரு பேருந்தின் மேல்தளத்தையும் பார்த்தேன். காவல்துறையிடம் என்ன அடையாளம் சொல்வது என்று மனத்துக்குள் ஒழுங்குபடுத்தியபோது, அவள் உடுத்தியிருந்த சேலையின் நிறமே எனக்கு நினைவில் இல்லை. தெருவிளக்கு எரிந்த பிறகு, முன் இருக்கையில் யாரோ ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டே, எனக்குக் கையை ஆட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். தலை எவ்ளோ பெருசு தெரியுமா என்பதே அவள் சொன்ன முதல் வார்த்தை. சேலை பச்சை.

ஆகவே, ஒரு பேருந்துச் சீட்டே இந்தப் பாடு படுத்தும் ஊரில் இந்த வயதில் குடியேறுவது எங்களுக்குப் பொருந்தாது. இருவரும் இங்கேயே இருப்பதாகத் தீர்மானித்துள்ளோம். இதற்காக என் மேல் வருத்தப்படாதே, இதை மீண்டும் கேட்கவும் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. வீடு வாங்கும் பேச்சு வந்தால் பத்திர நகலை எனக்கு அனுப்பாமல் எதிலும் கையெழுத்திடாதே. நீயும் மாப்பிள்ளையும் குறைவின்றி நீடு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தந்தை
(கையொப்பம்)

சாட்சிகள்:

1. மாடிவீட்டுப் பல் மருத்துவர் (மேலே உள்ள கையொப்பம் உன் தந்தையுடையதே என்பதற்கு மட்டும்).

2. உன் தாய். பாப்பா, பஸ் கதை அத்தனையும் உண்மை, அதுக்கு நான் சாட்சி. இருவரும்னு எழுதியிருக்கார் பாரு, அதுக்கு நான் சாட்சி இல்ல. என்னை யாரும் கேட்கல. எனக்கு ஒரு டிக்கெட் போடு. அவருக்கும் சேர்த்துப் போட்டுடாதே, அவரே வாயைத் திறந்து கேட்கட்டும்.