ஹாக்கர் போய்ச் சேர்ந்த ஒன்பது நாள்

மில்லிசென்ட்,
ஆகஸ்ட் 9

அன்பு மகன் கிராண்டுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், கோடையிலும் விடாத அபெர்டீன் குளிரில் உனக்கு வந்த இருமல் விட்டதா என்று எழுது. நாங்கள் ஒன்பது நாள் காரில் ஊர் சுற்றிவிட்டு நேற்றுத்தான் திரும்பினோம். மர ஆலையில் நாற்பது வருஷம் உழைத்தும் லீவுக்கு வேலி தாண்டாத மனுஷன் உன் அப்பா, போன மாதம் டோஸ்டைக் கடித்துக்கொண்டே, வெர்னா, கடற்கரை ஊரெல்லாம் பாத்துட்டு, திராட்சைத் தோட்டப் பக்கம் போய், அப்படியே வடக்கே செம்மண் காடு வரைக்கும் போய்ட்டு வரலாமா என்றார். அப்போதே எனக்கு உறுத்தியது.

ரோப் ஊரில் எனக்குச் சிங்கி இறால் வாங்கி வைத்துவிட்டு, போன் பேசக் கடல்பாலத்தின் நுனிவரை போய்விட்டார். யார் என்றால், ஆலையில பழைய ஆளு என்றார். ஆலை ஆளோடு பேச எதற்குத் தலை சீவிக்கொண்டு போக வேண்டும்? திராட்சைத் தோட்ட ஊரான தனுண்டாவில், பீர் தவிர எதையும் தொடாதவர் இரண்டு கோப்பை சிவப்பு ஒயின் குடித்தார், போதாததற்கு ஒரு பாட்டிலைப் பரிசுத்தாளில் சுற்றி வாங்கினார். யாருக்கு என்றேன், வழியில யாருக்காவது குடுக்கலாமே என்றார். அவர் குளிக்கப் போனதும் காரின் முன்பெட்டியைத் திறந்தேன். அவர் பேருக்கு ஒரு கடிதம், பெண் கையெழுத்து, பின்னால் ரோஸ்லின் என்று பேரும், வடக்கே உள்ள ஹாக்கர் ஊரின் விலாசமும் இருந்தன. உள்ளே பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை, இந்த வயதில் இவருக்கு ஒரு பொம்பளையா என்று அதற்கப்புறம் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

குவார்ன் ஊரைத் தாண்டியதும் பொறுக்க முடியாமல், காரை நிறுத்து லெஸ்டர், யாரந்த ரோஸ்லின் என்றேன். ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமலே சொன்னார். மொதல் கடுதாசி உன் பேருக்குத்தான் வந்துச்சு, நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தே, நான் பிரிச்சுட்டேன், தப்புதான், ரோப்லயே சொல்லிடலாம்னு பாத்தேன், வாய் வரல, அப்புறம் தனுண்டால சொல்லிக்கலாம்னு பாத்தேன், அவ உன் பொண்ணு வெர்னா என்றார்.

கிராண்ட், இதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உன் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, பதினேழு வயதில், எனக்கு அடிலெய்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முகத்தைக்கூடக் காட்டாமல் எடுத்துக்கொண்டு போனார்கள், தத்துக் கொடுக்கும் தாளில் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தாறு வருஷம் மறைத்தவள் நான், அவர் கார்ப் பெட்டியைத் துழாவியதும் நான்.

ஹாக்கரில் அவள் பேக்கரி வைத்திருக்கிறாள். மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, உங்கள என்னன்னு கூப்புடறதுன்னு தெரியல என்றாள். வெர்னான்னே கூப்பிடு என்றேன். அப்பா பக்கத்தில் அசடு மாதிரி பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். உன் போட்டோ கேட்டாள், கொடுக்கலாமா என்று எழுது.

கடிதம் வந்த பிறகுதான் தனக்கே தெரியும் என்று அப்பா சாதிக்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. நீ பிறந்த அன்று, இதுதான் முதல் குழந்தையா என்று நர்ஸ் கேட்டாள், ஆமாம் என்றேன். அப்போது அவர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

நோய்நொடி அண்டாமல் நிம்மதியாக இரு, கழுத்தில் கம்பளித் துணி இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசு. அந்த ஜன்னல் விஷயத்தை மட்டும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

உன்னை நினைத்தபடியே,
அம்மா வெர்னா