மூன்றாம் ஓலை

சென்னை,
11-5-1975

அன்புள்ள வில்பிரட்டுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாமல் இந்த வரிவரை வந்துவிட்டாய் என்றால், மிச்சத்தையும் படித்துவிடு. நான் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. உனக்கு எப்படி?

சிபிலிஸ் என்கிற மேகநோய்க்குச் செய்கிற வி.டி.ஆர்.எல். சோதனை எவ்வளவு தூரம் சரி என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக இன்னொரு சோதனை வந்திருக்கிறது. அந்த நோய் ஒரு தடவை வந்திருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பழையதில் ‘உண்டு’ என்று வந்த ரத்தத்தைப் புதியதில் போட்டால், பாதிக்கு மேல் ‘இல்லை’ என்கிறது. மலேரியா வந்தவர்களிடம் பழைய சோதனை ஏமாந்துவிடுகிறதாம்.

1955-இல் முத்துக்குளிப்பு முகாமில் உனக்கு விட்டுவிட்டு வந்த குளிர்காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் கப்பல் வேலைக்காக உன் ரத்தத்தை எடுத்தார்கள். சோதித்தவன் நான். ஐந்து மில்லி ரத்தம் அனுப்புவாயா?

உன் பழைய
இனிகோ


தூத்துக்குடி,
19-5-1975

திரு. இனிகோ அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ரத்தம் கேட்டிருக்கிறீர்கள். போன தடவை கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று நினைவிருக்கிறதா?

எனக்கும் பிளாரன்ஸுக்கும் மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். மூன்றாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை நீங்கள் என் சோதனைத்தாளோடு பங்குச் சாமியாரிடம் போனீர்கள். சாமியார் அவள் அப்பா ரோச்சைக் கூப்பிட்டுவிட்டார். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. கப்பலும் நான் இல்லாமல் போனது. நான் எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனேன் என்று கடற்கரைத் தெருவில் ஆளுக்கொரு கதை. நாற்பத்து நான்கு வயதாகிறது. தனியாக இருக்கிறேன். பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த முகாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கடலடியில் சிப்பி விளைகிற பாரிலிருந்து மாதிரிக்கு ஆயிரம் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி அரித்து, கிடைத்த முத்தை மதிப்புப் போட்டுத்தானே முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள்? மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நான் எண்ண, நீங்கள் எழுதினீர்கள். நாற்றம் தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே இருப்போம். உங்கள் குரல் சகிக்காது. அப்படிச் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

ஒரே ஒரு சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பாரே வீண் என்று எந்த மடையனாவது எழுதுவானா? என் விஷயத்தில் நீங்கள் அதைத்தான் எழுதினீர்கள்.

இப்படிக்கு,
வில்பிரட்


சென்னை,
30-5-1975

அன்புள்ள வில்பிரட்டுக்கு,

‘நீங்கள்’ என்று நீ எழுதியதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

தடை அறிந்தவர்கள் மறைத்தால் பாவம் என்று சாமியார் இரண்டு ஞாயிறும் வாசித்தார். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். உன் சோதனைத்தாள் என் சட்டைப்பையிலேயே இருந்தது. கையில் தாள் இருந்ததால் உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் கழித்து உன் ரத்தம் மறுபடி வந்தது. அதில் ‘இல்லை’. ஊசி போட்டதில் குணமாகிவிட்டது என்று எழுதினேன். ‘உண்டு’ என்றாலும் நான் சொன்னது சரி, ‘இல்லை’ என்றாலும் நான் சொன்னது சரி! நான் தவறியிருக்கலாம் என்பதற்கு நான் இடமே வைக்கவில்லை.

நீ கணக்கு வாத்தியார். ஆயிரம் பேரில் நோய் உள்ளவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள். சோதனை அதில் ஒன்பது பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரில் இருபது பேரையும் தவறுதலாகப் பிடிக்கும். மிச்சத்தை நீயே போட்டுக்கொள்.

இனிகோ


தூத்துக்குடி,
12-6-1975

இனிகோவுக்கு,

பிடிபட்ட இருபத்தொன்பது பேரில் இருபது பேர் ஒன்றும் செய்யாதவர்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. இதை நீ படித்து முடிக்க இருபது வருடம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தைத் தெளியவைத்துப் பிரித்து, பிளாஸ்கில் ஐஸ் வைத்து ரயில்வே கார்டு மரியான் கையில் கொடுத்திருக்கிறேன். “இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, ஐஸ்கிரீமா?” என்றான்.

“என் கல்யாணம்லே” என்றேன்.

“அப்பம் வழியில உருகிராம கொண்டுபோறேன்” என்று சிரித்தான்.

முடிவு வந்ததும் முகவரி பார்த்து எழுது. எனக்கு எழுது, சாமியாருக்கு அல்ல.

வில்பிரட்


சென்னை,
5-7-1975

அன்புள்ள வில்பிரட்,

மூன்று தடவை போட்டாயிற்று. ஒன்று நான் போட்டது. என் கண்ணை நானே நம்பாமல், பெயரை மறைத்து எண்ணை மட்டும் ஒட்டி, வேறு இரண்டு பேரிடம் கொடுத்தேன். மூன்றிலும் ‘இல்லை’. உனக்கு அந்த நோய் ஒருநாளும் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் செய்தது தப்பு. ஊர் முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு வரட்டுமா?

இனிகோ


தூத்துக்குடி,
21-7-1975

ஏலே இனிகோ,

தாளை எடுத்துக்கொண்டு மில்லர்புரத்தில் பிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் இசபெல்லாவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். வீடு முழுக்கப் பலகாரச் சட்டி. பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது இப்ப யாருக்கு? நான் ஒருநாளும் நம்பலியே. அப்பா கதவப் பூட்டிட்டாவ. நீங்க வாசல்ல வந்து நின்னு, ‘அப்படி ஒண்ணும் இல்ல’ன்னு ஒரு சத்தம் குடுப்பியன்னு மூணு நாளு மாடிச் சன்னல்லயே நின்னேன். உங்களக் காங்கல.”

நான் ஏன் போகவில்லை என்று உனக்குத் தெரியும். என்னை நம்பாத வீட்டு வாசலை மிதிப்பதா என்று அறைக்குள் கிடந்தேன். நான் வராததைத்தான் அவள் அப்பா கடைசி அத்தாட்சியாக எடுத்துக்கொண்டாராம். உன் தாளைக்கூட அவர் முழுக்க நம்பவில்லையாம்.

காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

நேற்று இசபெல்லாவின் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர்கள் என்று சொல்லிச் சாமியார் நிறுத்தினார். பின்னால் யாரோ இருமினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஊர் முன்னால் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். இத்தனை வருடம் முழுக்க உன் தலையிலேயே வைத்திருந்த பழியில் என் பங்கும் இருக்கிறது. இப்போதைக்கு அவ்வளவுதான் எழுத முடியும்.

திருவிழாவுக்கு வா. லாட்ஜ் எல்லாம் வேண்டாம். கல்யாணத்துக்கென்று அப்போது வாங்கின கட்டில் சும்மாதான் கிடக்கிறது. அதில் படுத்துக்கொள். மூட்டைப்பூச்சி கடித்தால் பொறுத்துக்கொள்.

வில்பிரட்