பாதி தெளிந்த படகுக் கண்ணாடி

தெருமுனையில் இன்று காலை எவனோ குப்பையோடு ஒரு ஓட்டைப் பிளாஸ்டிக் குடத்தையும் போட்டுக் கொளுத்தியிருக்கிறான். புகை வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குடித்த காபி முழுக்க வெளியே வந்துவிட்டது. பித்தம் என்று நினைத்து மருமகள் இஞ்சி தட்டிக் கொடுத்தாள். இஞ்சிக்கு அடங்குகிற குமட்டலா இது? உனக்குத் தெரியும். நீ கண்ணை மூடிப் பன்னிரண்டு நாள் ஆகிறது, இனி இதை யாரிடம் சொல்வது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் நீ அணையில் மோட்டார் படகு ஓட்டினாய். நான் திண்டுக்கல்லில் பித்தளைப் பூட்டுகளுக்குப் பாலீஷ் போடும் பட்டறை வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள் நாம். அந்தப் படகின் முன்னால் காற்றுக்கும் தண்ணீருக்கும் மறைப்பாகப் பிளாஸ்டிக் பலகை ஒன்று இருந்தது. அதைக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

உன் எஞ்சினியரை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வாய் நிறைய வெற்றிலை இல்லாமல் அந்த ஆள் படகில் ஏறியதில்லை. கண்ணாடிக்கு மேலாக முன்னால் துப்புவார். எதிர்காற்று அதைத் திருப்பிக் கண்ணாடி மேலேயே அப்பும். காய்ந்து கிடக்கும் அந்தச் சிவப்பு எச்சிலை வாட்ச்மேன் தினமும் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு, சோற்றுப்பானை விளக்குவது போல அழுத்தி விளக்கினான். ஒரு வருஷத்தில் கண்ணாடி முழுக்கக் கீறல். சாயங்கால வெயில் எதிரே அடித்தால் வெள்ளையாகப் பற்றியெரியுமே தவிர, முன்னால் ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு நாள், மீன் பிடித்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டியின் பரிசல் மேல் ஏற்றப் பார்த்து, மயிரிழையில் திருப்பினாய். புதுக் கண்ணாடி கேட்டதற்கு, கோளாறு உன் கண்ணில்தான் என்றார் அவர். திங்கட்கிழமை மேலதிகாரிகள் வரும்போது ஒழுங்காக ஓட்டாவிட்டால் வேறு டிரைவர் வருவான் என்றும் சொல்லிவிட்டார். உனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

சனிக்கிழமை காலையில் கண்ணாடியைக் கழற்றி, உன் மனைவியின் பழஞ்சேலையில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தாய். நான் உடனே பாலீஷ் மோட்டாரைப் போடப் போனேன். நீ தடுத்தாய்.

"ஏலே, இது பித்தளை இல்ல. சூடு தாங்காது. தண்ணிய ஊத்தி, வெள்ளப் பல்பொடி போட்டுக் கையாலயே தேச்சுப் பாப்போம்."

நான் சிரித்தேன். இப்படித் தேய்த்தால் அடுத்த தீபாவளிதான் என்றேன். நீ தரையில் உட்கார்ந்தாய். நனைத்த மெல்லிய மல்லுத் துணியால் வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல், மதியம் வரைக்கும் தேய்த்தாய். படகில் வாட்ச்மேன் உட்காரும் இடது பாதி தெளிந்துவிட்டது. அதன் வழியே எதிர்ச்சுவரில் இருந்த சினிமா போஸ்டரின் சின்ன எழுத்தைக்கூட நான் படித்தேன். மீதி, நீ பார்த்து ஓட்டும் பாதி. செத்த நேரத்தில் வாரேன் என்று சாப்பிடப் போனாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஊரில் என் பாலீஷ் சக்கரத்துக்குப் பணியாத பொருள் உண்டா என்ற திமிர். நீ வருவதற்குள் முடித்து உன்னை அசத்திவிடலாம் என்று வலது பாதியைச் சக்கரத்தில் கொடுத்தேன். ஒரே நிமிஷம். பிளாஸ்டிக் இளகிச் சக்கரத்தில் இழுபட்டது, அந்த நாற்றம் பட்டறை முழுக்க ஏறியது. எடுத்துப் பார்த்தபோது, சரியாக உன் கண் படும் இடத்தில் பால் ஏடு படிந்தது போல ஒரு வெந்த தழும்பு. நீ வந்து பார்த்தாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கையைக் கழுவிவிட்டு, கண்ணாடியைச் சேலையில் சுற்ற ஆரம்பித்தாய்.

அப்போதுதான் வாசலில் ஜீப் நின்றது. அணைக் குவார்ட்டர்ஸ் அத்தனைக்கும் பூட்டு சப்ளை செய்யும் ஆர்டருக்காக நான் மூன்று மாதமாக அந்த எஞ்சினியர் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அதைத் தரத்தான் அவர் வந்திருந்தார். சேலையைப் பிரித்துக் கண்ணாடியைப் பார்த்தார். உன்னைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"இவன் சொல்லித்தானே மோட்டார்ல வச்ச?"

நான் தலையாட்டினேன். வாய் திறந்து ஒரு பொய் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. நீ என்னை ஒரு தடவை பார்த்தாய்.

"ஆமாங்க சார். நாந்தான் வைக்கச் சொன்னேன்" என்றாய்.

உன் வேலை அத்தோடு போயிற்று. ஆர்டர் எனக்கு வந்தது. போகும்போது அந்த ஆள் என் வாசற்படியில் துப்பிவிட்டுப் போனார். அதை நானே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவும்போது அவரைவிட என்னை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது.

புதுக் கண்ணாடி மாட்டியதும் கெட்டுப்போனதை உன்னிடமே தூக்கிப் போட்டார்கள். நீ பஸ் ஸ்டாண்டு ஓரம் பெட்டிக்கடை போட்டு, தின்பண்டத்தில் ஈ மொய்க்காமல் இருக்க அதை முன்னால் நிறுத்தினாய். தெளிந்த பாதிக்குப் பின்னால் கடலைமிட்டாயும் முறுக்கும் பளிச்சென்று தெரியும். வெந்த பாதிக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருப்பாய். என்னைக் கண்டால், ஏலே, டீ குடிச்சிட்டுப் போ என்பாய். நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

உன் மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் மனைவி அந்தக் கண்ணாடியைத் துடைத்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"பாய், இத நீங்களே வச்சுக்கங்க. பட்டறையில நீங்க தேச்ச பக்கம் எம்புட்டுத் தெளிவா இருக்குன்னு கடைக்கு வாரவுக கிட்டயெல்லாம் காட்டுவாரு. தான் அவசரப்பட்டு மோட்டார்ல வச்சுத்தான் இந்தப் பக்கம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாரு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வாய்க்காது. உன் பெண்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

நான் தலையாட்டினேன். கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.